வித்தும் ஒடியலும்

யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் புலமை மரபு ஏடு காத்த மரபாகும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒப்புநோக்கி, 1881இல் வீரசோழியத்தையும், 1887இல் கலித்தொகையையும், 1889இல் சூளாமணியையும் அச்சேற்றினார். செல்லரித்த ஓலைகள் அவருக்கு விளைத்த இடர்கள் பல. ஆயினும் அவ்வோலைகளிடத்து ஒரு நற்பண்பு இருந்தது. ஓலையிற் கிடந்த செய்யுள் ஓலையோடு பிணைக்கப்பட்டிருக்கவில்லை. எழுத்தறிந்த ஒருவர் கண்ணால் வாசித்துக் கையால் வேறோரிடத்தில் எழுதியவுடன் அது புதுமனை புகுந்துவிடும். ஓலையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து இன்று மின்திரைக்கும் அது பெயர்ந்து வந்தது. பெயர்ந்த இடமெல்லாம் கலித்தொகை கலித்தொகையாகவே இருந்தது.

இற்றைநாளில் மற்றொரு வகை எழுத்துத் தோன்றியிருக்கிறது. மனிதர் வாசிப்பதற்கு அன்றி, இயந்திரம் ஏற்று நடத்துவதற்கென ஆக்கப்படுவது அது. கணினி அறிஞர் அதனை ‘இயக்கத்தகு கோப்பு’ என்பர். தமிழில் தட்டெழுதப் பயன்படும் கருவியும், பாடசாலைப் புள்ளிகளைக் கூட்டிப் பட்டியலாக்கும் கருவியும், சிறுவருக்கு எழுத்துப் பயிற்றும் விளையாட்டும் எல்லாம் இவ்வகைக் கோப்புக்களே. இவற்றிற் பல, ஒரு கணினியிற் பணிவோடு தொழில் செய்யும். அடுத்த மேசையிலுள்ள கணினிக்குக் கொண்டுசென்றாலோ வாய் திறவா. இருபது ஆண்டு கடந்து புதிய கணினியில் இட்டால், அவை தமக்கு உரியனவல்ல என்று அக்கணினி ஒரே வரியில் மறுத்துவிடும். கோப்பு அழியவில்லை, அதில் ஓர் எழுத்தேனும் குறையவில்லை, ஆயினும் அதனாற் பயனில்லை.

இஃது ஏன் நிகழ்கின்றது என்பதையும், தமிழர் இதனாற் பெறவேண்டிய படிப்பினை யாது என்பதையும் ஆராய்தல் ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஏற்புடைய முயற்சியாகும்.

வித்து எது? ஒடியல் எது?

செய்நிரல் எழுதுவோர் முதலில் மனிதர் வாசித்து விளங்கக்கூடிய ஒரு மொழியிலேயே எழுதுகின்றனர். நம் மாணவர் பலர் பயின்ற பாஸ்கல் அத்தகைய மொழிகளுள் ஒன்று. ‘புள்ளி முப்பத்தைந்துக்குக் குறைந்தால் இதனைச் செய்க, இல்லையேல் அதனைச் செய்க’ என்ற போக்கில் அமைந்த இவ்வெழுத்தை மூலநிரல் எனலாம். கணினியின் மூளையாகிய செயலி இதனை நேரே அறியாது. அஃது அறிவன ஒன்றும் சுழியுமாகிய இரு குறிகளால் ஆன கட்டளைகள் மாத்திரமே. ஆகவே தொகுப்பி என்னும் இன்னொரு செய்நிரல் மூலநிரலை வாசித்து, அக்குறிகளாலான பொறிமொழியாக மாற்றித் தருகின்றது. அவ்வாறு மாற்றப்பெற்றதே இயக்கத்தகு கோப்பு.

பனை வளர்ந்த மண்ணில் வாழும் நமக்கு இதற்கோர் உவமை தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பனங்கொட்டையைப் பாத்தியில் இட்டால் கிழங்கு விடுகிறது. அக்கிழங்கைத் தோண்டாது விட்டால் ஒரு நாள் பனையாகும். தோண்டிக் கிழித்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். ஒடியல் உடனே பயன்படும். இடித்து மாவாக்கிக் கூழ் காய்ச்சலாம், பிட்டு அவிக்கலாம். ஆனால் ஒடியலை மீண்டும் மண்ணிற் புதைத்தால் முளைக்குமோ? மூலநிரல் பனங்கொட்டையை ஒக்கும். இயக்கத்தகு கோப்பு ஒடியலை ஒக்கும். கடையில் விலைக்கு வாங்குவதும், நண்பரிடம் பெறுவதும், இணையத்தில் இறக்கிக்கொள்வதும் பெரும்பாலும் ஒடியலே. வித்து ஆக்கியோனின் வீட்டிலேயே தங்கிவிடுகின்றது.

ஒடியலிலிருந்து மீண்டும் கொட்டையைப் பெற இயலாதா என்று கேட்கலாம். பொறிமொழியை ஆராய்ந்து மூலத்தை ஊகிக்கும் முறைகள் உண்டு. ஆயினும் ஆக்கியோன் இட்ட பெயர்களும், தான் ஏன் அவ்வாறு செய்தேன் என்று எழுதிவைத்த குறிப்புக்களும் தொகுக்கும்போதே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். உரையும் பதவுரையும் இழந்து, சீரும் அடியும் பிரியாது கிடக்கும் பழஞ்செய்யுளை ஒத்தது எஞ்சி நிற்பது.

மூன்று பூட்டுக்கள்

இயக்கத்தகு கோப்பு ஒன்று இடம் மாறி இயங்கவேண்டுமாயின், மூன்று பூட்டுக்கள் திறக்கப்படல் வேண்டும்.

முதலாவது, செயலி. ஒவ்வொரு செயலிக் குடும்பத்துக்கும் தனிப் பொறிமொழி உண்டு. மேசைக் கணினிகளுட் பெரும்பாலானவை இன்டெல் வகுத்த மொழியைப் பேசுவன. கைத்தொலைபேசிகளுட் பெரும்பாலானவை ஆர்ம் எனப்படும் மொழியைப் பேசுவன. ஒன்றுக்குக் கூட்டற் கட்டளையாய் இருக்கும் குறித்தொடர் மற்றொன்றுக்குப் பொருளற்ற உளறலாகலாம். கணினிக்கென ஆக்கப்பெற்ற கோப்பைத் தொலைபேசியில் திறக்க முயன்று ஏமாறும் மாணவர் எதிர்ப்படுவது இப்பூட்டையே. ஆப்பிள் நிறுவனத்தாரின் மக்கின்டொஷ் கணினி தன் செயலிக் குடும்பத்தை 1994இலும், 2006இலும், 2020இலுமாக மும்முறை மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய செய்நிரல்கள் வாசலில் நிறுத்தி விசாரிக்கப்பட்டன.

இரண்டாவது, கோப்பின் அமைப்பு. கட்டளைகள் எங்கே தொடங்குகின்றன, எண்கள் எங்கே வைக்கப்பட்டுள்ளன, நினைவகத்தில் எவ்வளவு இடம் வேண்டும் என்னும் விவரங்களைக் கோப்பின் முகப்பு கூறும். டாஸ், விண்டோஸ் ஆகியவற்றின் இயக்கத்தகு கோப்புக்கள் எம், இசட் என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்களோடு தொடங்குகின்றன. அவை அவ்வமைப்பை வகுத்த மைக்ரோசொவ்ட் பொறியியலாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயர் முதலெழுத்துக்கள். லினக்ஸின் கோப்பு 127 என்னும் எண்ணோடு தொடங்கி, அடுத்து ஈ, எல், எவ் என்னும் எழுத்துக்களைக் கொண்டிருக்கும். முகப்பைக் கண்ட அளவில், இஃது என் வீட்டாரா அயலாரா என்று கணினி தீர்மானித்துவிடுகின்றது.

மூன்றாவது, பணிசெயல் முறைமை. இதுவே மூன்றனுள்ளும் வலிய பூட்டு. விண்டோஸ், லினக்ஸ், மக்கின்டொஷ், அண்ட்ரொயிட் முதலியன பணிசெயல் முறைமைகள். திரையில் எழுதவும், வட்டிற் பதியவும், விசைப்பலகையைக் கேட்கவும் செய்நிரலுக்கு நேரடி உரிமை இல்லை. அனைத்துக்கும் பணிசெயல் முறைமையிடமே விண்ணப்பித்தல் வேண்டும். விண்ணப்பத்தின் பெயரும் இலக்கமும் முறைமைக்கு முறைமை வேறுபடும். ஒரே லினக்ஸின் உள்ளேயே, இன்டெல் வகைச் செயலிகளில், ‘எழுது’ என்னும் விண்ணப்பத்துக்கு 32 இரும நிலையில் இலக்கம் 4; 64 இரும நிலையில் இலக்கம் 1.

ஒரு வீட்டுக்காரி தன் வேலைக்காரிக்கு எழுதிவைத்த குறிப்பை எண்ணிப் பார்க்க. ‘வடக்கு மூலைப் பானையில் இரண்டு சுண்டு அரிசி எடு, இரண்டாந் தட்டிலுள்ள சரக்குத்தூளில் ஒரு கரண்டி இடு’ என்று அதில் இருக்கிறது. அவ்வீட்டில் அக்குறிப்புச் செம்மையானது. அடுத்த வீட்டில் வடக்கு மூலையிற் பானை இல்லை. இரண்டாந் தட்டில் சவர்க்காரம் இருக்கிறது. குறிப்பிற் பிழையில்லை, வீடு வேறு. இயக்கத்தகு கோப்பு என்பது ஒரு வீட்டின் தட்டுமுட்டுக்களை நம்பி எழுதப்பட்ட குறிப்பாகும்.

தமிழ் மென்பொருளுக்கு நேர்ந்தது

தமிழைக் கணினியில் ஏற்றிய முதல் முயற்சிகளுட் பல தனிமனிதர் உழைப்பில் விளைந்தவை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்னும் மென்பொருளைத் தொடங்கினார். கனடாவிற் சீனிவாசன் ஆதமி என்னும் தமிழ் எழுதியை டாஸ் முறைமைக்கு ஆக்கினார். சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை என்னும் எழுத்துருவை வெவ்வேறு கணினிகளுக்கும் கிடைக்கச் செய்தார். ஈழத்தமிழரிடையே, நாட்டிலும் புலம்பெயர்ந்த இடங்களிலும், பாமினி எழுத்துரு பெருவழக்காயிற்று. 1990 முதற் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாடு மின்னிணைப்பு அறுபட்டு இருளிற் கிடந்தது. அக்காலத்தே கடல் கடந்து சென்ற நம்மவர் தம் இதழ்களையும் மலர்களையும் நினைவு நூல்களையும் இத்தகைய கருவிகளைக் கொண்டே ஆக்கினர்.

அக்கருவிகளுள் டாஸுக்கும் தொடக்ககால விண்டோஸுக்கும் ஆக்கப்பெற்றவை 16 இருமச் செய்நிரல்கள். 1990களின் நடுவில் 32 இரும முறைமைகள் பரவியபோது, பழையனவற்றுக்கும் ஒரு திண்ணை விடப்பட்டிருந்தது. 64 இரும விண்டோஸ் வந்தபோது அத்திண்ணையும் எடுக்கப்பட்டது. 16 இருமக் கோப்புக்களை அது இயக்குவதில்லை. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11க்கு 32 இரும வடிவமே கிடையாது. ஆகவே புதுக் கணினி வாங்கும் ஒருவர் தம் பழைய தமிழ்ச் செய்நிரலை அதில் இட்டால் அஃது அவ்வாறே இயங்கமாட்டாது.

இங்கே எழுத்துக்கும் செய்நிரலுக்கும் உள்ள வேற்றுமை தெளிவாகின்றது. பாமினியிற் பதிந்த கட்டுரை, எழுத்துரு இல்லாத கணினியில் விளங்காக் குறிகளாகத் தோன்றும். ‘தமிழ்’ என்னும் சொல்லே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துக்களாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் காட்சி தரும். ஆயினும் எந்தக் குறி எந்தத் தமிழெழுத்தைக் குறித்தது என்னும் அட்டவணை கையிலிருந்தால், முழுக் கட்டுரையையும் நொடிப்பொழுதில் ஒருங்குகுறிக்கு மாற்றிவிடலாம். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் இலக்கியக் கோப்புக்கள் முதலில் வேறொரு குறிமுறையில் இருந்து, பின்னர் ஒருங்குகுறிக்குப் பெயர்ந்தன. எழுத்து ஏட்டின் பண்பை இன்னும் இழக்கவில்லை. வாசிக்க வல்லார் உளரேல் அது பிழைக்கும். அவ்வெழுத்தை ஆக்கித் தந்த செய்நிரலோ அவ்வாறு பெயர்க்க இயலாதது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவ்விழப்பை அறிந்த சமூகம் நாம். அதன் பின்னர் காத்தல் என்பது நமக்கு வெறும் புலமைத் தொழிலாக இருக்கவில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் படியெடுத்துப் பொதுவில் வைத்துவருவது அவ்வுணர்வின் விளைவே. ஆனால் நூல் தீயில் அழிந்தால் ஊர் அறியும். செய்நிரல் அழியும்போது புகையும் எழுவதில்லை. வட்டு மேசை இழுப்பறையிற் பத்திரமாக இருக்கும். உள்ளே இருப்பது மாத்திரம் பயனற்றுப் போயிருக்கும்.

அறிஞர் கண்ட வழிகள்

இவ்விடரைக் கடக்க உலகம் நான்கு வழிகளைக் கண்டிருக்கிறது.

முதலாவது வழி, நடுவில் ஒரு துபாசியை நிறுத்துவது. விண்டோஸ் செய்நிரல்களை லினக்ஸில் இயக்க முயலும் வைன் என்னும் முயற்சி 1993இல் தொடங்கியது. செய்நிரல் விண்டோஸை நோக்கி விடுக்கும் விண்ணப்பத்தை இடைமறித்து, அதற்கேற்ற லினக்ஸ் விண்ணப்பமாக மாற்றிக் கொடுப்பதே அதன் தொழில். அதன் முதலாம் நிறைபதிப்பு 2008இலேதான் வெளிவந்தது. ஒரு வீட்டின் வழக்கங்களை அயல்வீட்டார் கற்றுக்கொள்ளப் பதினைந்து ஆண்டுகள் சென்றன! இன்னொரு வியப்பும் உண்டு. 64 இரும விண்டோஸ் ஏற்காத சில 16 இரும விண்டோஸ் செய்நிரல்கள் லினக்ஸில் வைனின் துணையோடு இயங்குகின்றன. பிறந்த வீடு கைவிட்ட பிள்ளைக்கு அயல்வீடு சோறிட்ட கதைதான்.

இரண்டாவது வழி, பழைய வீட்டையே பொம்மையாகக் கட்டுவது. 2002இல் வெளிவந்த டொஸ்பொக்ஸ் என்னும் செய்நிரல், பழைய கணினியின் செயலி, திரை, ஒலி யாவற்றையும் புதிய கணினியின் உள்ளே போலச்செய்து காட்டுகின்றது. டாஸ் காலத்துத் தமிழ்க் கருவிகளை மீண்டும் இயக்கிப் பார்க்க விரும்புவோர்க்கு இதுவே எளிய வாயில். ஆயினும் துபாசியும் பொம்மை வீடும் தாமே செய்நிரல்களாதலால் அவற்றுக்கும் முதுமை உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2006இல் பழைய செய்நிரல்களுக்கென அமர்த்திய ரொசெற்றா என்னும் துபாசி, 2011இல் வந்த பதிப்போடு விடைபெற்றுச் சென்றது.

மூன்றாவது வழி, எல்லா வீடுகளுக்கும் பொதுவான ஒரு கற்பனைப் பொறியை வகுப்பது. 1995இல் வெளிவந்த ஜாவா இவ்வழி வந்தது. செய்நிரல் எந்த உண்மைச் செயலிக்கும் உரியதாகத் தொகுக்கப்படாமல், கற்பனைப் பொறிக்கென ஒருமுறை தொகுக்கப்படும். ஒவ்வொரு கணினியும் அப்பொறியை நடித்துக் காட்டும். உயர்தர வகுப்பு மாணவர் பயிலும் பைதனும் இதற்கு உறவான போக்குடையது. அதில் மூலநிரலையே கையளிக்கலாம். அந்தந்தக் கணினியிலுள்ள பைதன் அதனை வாசித்து இயக்கும். ஆனால் கற்பனைப் பொறி நிறுவப்படாத கணினியில் இச்செய்நிரல் ஊமை. பொறியின் பதிப்பு மாறினாலும் சில வேளை தடுமாறும்.

நான்காவது வழி மிகப் பழையது, மிக எளியது. வித்தைக் காத்து, புதிய மண்ணில் மீண்டும் விதைப்பதே அது. 1969இல் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையைத் தொடங்கியபோது, அது குறிப்பிட்ட ஒரு பொறியின் மொழியிலேயே எழுதப்பட்டது. 1973இல் அதனைச் சீ என்னும் பொதுமொழியில் மீள எழுதினர். 1977இல் அவுஸ்திரேலியாவின் வொலொங்கொங் பல்கலைக்கழகத்தார் முற்றிலும் வேறான இன்டர்டேட்டா என்னும் பொறிக்கு அதனைப் பெயர்த்துவிட்டனர். யுனிக்ஸ் முதலிற் பிறந்த பொறிகள் இன்று காட்சிச்சாலைப் பொருள்கள். யுனிக்ஸின் வழித்தோன்றல்கள் தொலைபேசி வரை வந்து நிற்கின்றன. வித்து மனிதர் வாசிக்கக்கூடிய மொழியில் இருந்ததும், பிறர் கைக்கு எட்டியதுமே இதற்குக் காரணம்.

மீள விதைத்தல் உழைப்பில்லாத தொழில் என்று எண்ணிவிடலாகாது. மண்ணுக்கேற்பப் பாத்தி திருத்த வேண்டும்; பழைய மூலநிரலிற் பல வரிகளை மாற்ற வேண்டும். ஆனால் அது செய்யக்கூடிய உழைப்பு. வித்து இல்லாதவிடத்து எவ்வுழைப்பும் ஊகத்தின்பாற்பட்டதே.

நாம் செய்யத்தக்கவை

மூலநிரலைப் பிறருக்குக் கொடுத்தால் ஆக்கியோனின் உழைப்புக்கு ஊதியம் ஏது என்று ஒரு வினா எழும். நியாயமான வினாவே. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிச் செய்நிரலையும் காப்புரிமைக்குரிய ஆக்கமாகக் கொள்கின்றது. ஆக்கியோனின் இசைவின்றி அதனைப் பரப்புதல் முறையன்று. ஆனால் பரப்புதல் வேறு, காத்தல் வேறு. விற்பனைக் காலம் முடிந்த பின்னரேனும் மூலநிரலை ஒரு பொதுநிலையத்திடம் ஒப்படைக்க ஆக்கியோன் இசையலாம். தன் பெயரால் ஒரு கருவி நிலைபெறுவதை எந்த ஆக்கியோனும் வெறுக்கமாட்டான். பிரான்சு நாட்டின் இன்றியா ஆய்வு நிறுவனம் 2016இல் அறிவித்த ‘சொவ்ட்வெயார் ஹெரிடேஜ்’ என்னும் களஞ்சியம், உலகிற் பொதுவில் உள்ள மூலநிரல்களைத் திரட்டிக் காத்துவருகின்றது. நூல்களைக் காக்கும் நம் நிலையங்களும், தமிழ்ச் செய்நிரல்களின் மூலத்தை நூலுக்கு நிகரான ஆவணமாக ஏற்றல் வேண்டும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய பங்கு இதனினும் அண்மையில் உள்ளது. பாடசாலைக்கென ஒரு சிறு செய்நிரல் எழுதுவோர், இயக்கத்தகு கோப்பை மாத்திரம் வைத்துவிட்டு மூலநிரலைத் துடைத்துவிடல் ஆகாது. மூலநிரலோடு, அஃது எந்த மொழியில், எந்தத் தொகுப்பியின் எந்தப் பதிப்பால், எந்தப் பணிசெயல் முறைமைக்கெனத் தொகுக்கப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்தல் வேண்டும். பழைய பதிப்பாசிரியர் ஏடு கிடைத்த ஊரையும் உதவியவர் பெயரையும் முகவுரையிற் குறித்தது எதற்காகவோ, அதற்காகவே இதுவும்.

செய்நிரலில் இடும் தரவுகளையும் அச்செய்நிரல் மாத்திரம் அறிந்த மறைவடிவில் விட்டுவிடாது, ஒருங்குகுறியில் அமைந்த வெறும் எழுத்துக் கோப்பாக ஒரு படி எடுத்து வைப்பது நலம். கருவி இறந்தாலும் விளைவு பிழைக்கும். வீட்டிற் பழைய வட்டுக்கள் இருப்பின், அவற்றை வாசிக்கும் பொறிகள் கிடைக்கும் காலத்திலேயே உள்ளிருப்பதை முழுமையாகப் படியெடுத்துக்கொள்ளல் வேண்டும். பழைய கருவிகளை இணையத்தில் தேடுவோர், வந்த வழி அறியாத இயக்கத்தகு கோப்பை ஆராயாது இயக்கலாகாது. அது கட்டளையாதலால், நன்மை செய்வது போலவே தீமையும் செய்ய வல்லது.

பனை வைத்தவன் அதனைப் பார்த்துவிட்டுப் போவான், பயனை அடுத்த தலைமுறையே காணும் என்பது நம் முன்னோர் கருத்து. அவ்வாறு அறிந்தும் அவர்கள் பனங்கொட்டையை நட்டனர். கிழங்கு அனைத்தையும் தோண்டி ஒடியலாக்கி உண்டு தீர்த்துவிடவில்லை. தமிழில் இன்று செய்நிரல் எழுதும் இளைஞர் ஒவ்வொருவரும், தாம் ஆக்கியதை உலகுக்கு அனுப்பும் நாளில், அதன் மூலநிரலின் ஒரு படியைத் தம் பெயரும் நாளும் குறித்து நம்பத்தகுந்த ஓரிடத்திற் சேர்ப்பித்துவிடுவாராக.